எக்ஸோ மாட்டுவதற்கு முன்னும் பின்னும்: ஒரு வாழைக்கடைக்காரனின் செய்முறை

எங்கள் பக்கம் பழைய ரோட்டோரங்களில் சுமைதாங்கிக் கல் இன்னும் அங்கங்கே நிற்கிறது. இரண்டு கல்லை நட்டு மேலே ஒன்றைக் குறுக்கே போட்டது, அவ்வளவுதான். தலைச்சுமையோடு சந்தைக்கு நடந்தவர்கள், பிடித்துவிட ஆள் இல்லாமலே பாரத்தை அதன்மேல் தள்ளி வைத்து, மூச்சு வாங்கிவிட்டுத் திரும்பத் தலையில் ஏற்றிக்கொண்டு போவார்கள். பிள்ளை வயிற்றோடு இறந்துபோன பெண்களின் நினைவாக வைத்த கற்கள் நிறைய உண்டு. எக்ஸோ, அதாவது தூக்கவோ நடக்கவோ துணையாக உடம்பின்மேல் மாட்டிக்கொள்ளும் கருவி, வாங்கலாமா என்று என்னிடம் யாராவது கேட்டால் முதலில் அந்தக் கல்லைப் பற்றித்தான் பேச ஆரம்பிப்பேன், கேட்பவருக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருக்கும். விஷயம் இதுதான்: கல் பாரத்தை வாங்கித் தரைக்கு இறக்கியது. முதுகில் மாட்டும் எக்ஸோவும் பாரத்தை வாங்குகிறது, ஆனால் இறக்குவது உங்கள் தொடையிலும் நெஞ்சிலும் இடுப்பெலும்பிலும். அந்த இடங்கள் அதைத் தாங்குமா என்று பார்க்காமல் வாங்கினால் காசும் போகும், தோலும் உரியும். எனக்கு இரண்டும் நடந்தது.

நான் கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டம் பக்கம் வாழைக்குலை மொத்தக்கடை வைத்திருக்கிறேன். ஏத்தன், செவ்வாழை, மட்டி எல்லாம் வரும். காலை நாலு மணிக்கு லோடு இறங்கும். எனக்கு முதுகில் டிஸ்க் தள்ளி ஆறு வருடம் ஆகிறது. என் மனைவியின் தாய்மாமா தென்னையிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் இருக்கிறவர். ஆக, தூக்குவதற்கான எக்ஸோவையும் நடப்பதற்கான எக்ஸோவையும் தேடி அலைந்த அனுபவம் ஒரே வீட்டில் சேர்ந்துவிட்டது. தூக்கும் விஷயத்தில் கையால் செய்து பார்த்தது அதிகம் என்பதால் அதை விரிவாகச் சொல்கிறேன்.

பொருள் என்ன என்று சுருக்கமாக

நண்டுக்கும் றாலுக்கும் எலும்பு வெளியே இருக்கிறது இல்லையா, அந்த ஓட்டுக்குத்தான் எக்ஸோஸ்கெலிட்டன் என்று பெயர். அதை மனிதனுக்கு மாட்டினால் இந்தக் கருவி. மோட்டாரும் பேட்டரியும் உள்ளது ஒரு வகை. ஸ்பிரிங், எலாஸ்டிக் பட்டை, வாயு அடைத்த சின்ன உருளை இவற்றை மட்டும் வைத்து இயங்குவது இன்னொரு வகை. இரண்டாவதில் கரண்டே கிடையாது. நீங்கள் குனியும்போது பட்டை இழுபடும், நிமிரும்போது அந்த இழுவையைத் திருப்பிக் கொடுக்கும், கவட்டை ரப்பரை இழுத்து விடுகிற மாதிரி. அதனால்தான் முதல்முறை மாட்டியவர்கள் எல்லாரும் "குனியவே விடமாட்டேங்குதே" என்பார்கள். குனியும்போது நீங்கள் கொடுக்கும் பலத்தைத்தான் அது சேமிக்கிறது, சும்மா எங்கிருந்தும் வருவதில்லை.

இதொன்றும் நேற்று முளைத்த யோசனை இல்லை. ரஷ்யாவைச் சேர்ந்த நிக்கோலஸ் யாக்ன் 1890இலேயே காலோடு சேர்த்துக் கட்டும் வில் ஸ்பிரிங் கருவிக்கு அமெரிக்கக் காப்புரிமை வாங்கிவிட்டார். 1960களில் ஜெனரல் எலெக்ட்ரிக் 'ஹார்டிமேன்' என்று ஒன்று செய்தது. 680 கிலோ தூக்க வேண்டும் என்பது கனவு, அதன் சொந்த எடையே ஏறக்குறைய அவ்வளவு இருந்தது, கடைசியில் ஒரு கையை மட்டும்தான் ஒழுங்காக இயக்க முடிந்தது. இன்றைக்கு ஹீரோவேர் ஏபெக்ஸ் மாதிரி எலாஸ்டிக் வகைகள் ஒன்றரை கிலோதான். ஜெர்மன் பயோனிக் நிறுவனத்தின் கிரே எக்ஸ் மோட்டார் வகை, ஒரு தூக்கலுக்கு 30 கிலோ வரை துணை கொடுப்பதாகச் சொல்லி விற்கப்பட்டது. ஓட்டோபாக், ஹில்டி போன்றவை தோளுக்கு மாட்டுவதைச் செய்கின்றன. கையைத் தலைக்கு மேலே வைத்து வேலை செய்பவர்களுக்கு, அதாவது சீலிங் அடிப்பவர்கள், பெயிண்டர்கள், பைப் மாட்டுபவர்களுக்கு, அது.

முதலில் போனில் ஒரு மணி நேரம் வீடியோ எடுங்கள்

வாங்குவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். போனை ஒரு ஸ்டூலில் சாய்த்து வைத்து, வேலை மும்முரமாக நடக்கும் ஒரு மணி நேரத்தைப் பக்கவாட்டிலிருந்து எடுங்கள். அப்புறம் உட்கார்ந்து எண்ணுங்கள்: எத்தனை தடவை குனிந்தார், எத்தனை தடவை கை தலைக்கு மேலே போனது, எவ்வளவு நேரம் பாரத்தோடு நடந்தார், எவ்வளவு நேரம் குந்தியிருந்தார். நாங்கள் எண்ணியபோது எங்கள் லோடுமேன் ஒருவர் அந்த ஒரு மணி நேரத்தில் 94 தடவை குனிந்திருந்தார். அதில் குலை எடுக்கக் குனிந்தது பாதிதான். மிச்சமெல்லாம் சருகு பொறுக்க, சாக்கு மடிக்க, கீழே விழுந்த காய் எடுக்க, கயிறு அவிழ்க்க. இதை எடுத்துப் பார்க்கும்வரை குலைதான் அவர் முதுகைக் கெடுக்கிறது என்றே நினைத்திருந்தேன்.

இந்த எண்ணிக்கைதான் எந்த எக்ஸோ என்று சொல்லும். குனிவது அதிகம் என்றால் முதுகு எக்ஸோவுக்கு வேலை உண்டு. ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளியை எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு நாளில் 300 மரத்துக்குக் குறையாமல் வெட்டுவார், வெட்டு தாழ வந்துவிட்ட மரத்தில் ஒவ்வொன்றுக்கும் குனிய வேண்டும், பிறகு சிரட்டையிலிருந்து பாலை வாளியில் ஊற்றத் திரும்பவும் ஒரு சுற்று குனிய வேண்டும். கையில் பாரமே இல்லாவிட்டாலும் உடம்பின் மேல்பாதியே ஒரு பாரம்தான். இவருக்கு இலேசான எலாஸ்டிக் வகை நன்றாகவே பொருந்தும். தலைச்சுமைக்காரருக்குக் கதை வேறு. 50 கிலோ அரிசி மூட்டையை இரண்டு பேர் பிடித்துத் தலையில் ஏற்றிவிட்டார்கள் என்றால், அதற்கப்புறம் அவர் நேராக நிமிர்ந்து நடக்கிறார், முதுகு எக்ஸோ அங்கே சும்மா தொங்கும். கழுத்துக்கு இறங்கும் பாரத்தில் ஒரு கிராமைக்கூட அது குறைக்காது. அவருக்கு நல்ல சும்மாடும் 25 கிலோ மூட்டையும்தான் மருந்து. செங்கல் அறுக்கிறவர் குந்தியே இருப்பவர், முழுக்கக் குந்தும்போது ஸ்பிரிங் எதிர்த்துத் தள்ளிக்கொண்டே இருக்கும், தொந்தரவுதான் மிஞ்சும். அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், உட்கார்ந்து வேலை செய்யும் அக்காமார்களுக்குத் தேவை முதுகு சாய்க்க ஒழுங்கான நாற்காலி, எக்ஸோ இல்லை.

கொஞ்சம் கணக்கு

முதுகை நிமிர்த்துகிற தசை, முதுகெலும்பின் மையத்திலிருந்து ஏறக்குறைய 5 செ.மீ. தள்ளித்தான் இருக்கிறது. 15 கிலோ ஏத்தன் குலையை நீங்கள் 40 செ.மீ. முன்னால் தள்ளிப் பிடித்தால் அது 8 மடங்கு நெம்பு, ஆக தசை இழுக்க வேண்டியது 120 கிலோ. அதே குலையை வயிற்றோடு ஒட்டி 20 செ.மீ.க்குள் கொண்டுவந்தால் 60 கிலோ. இதில் நம் சொந்த மேலுடம்பின் எடை சேரவில்லை, 70 கிலோ ஆளுக்கு அது 35 கிலோவுக்குக் குறையாது. வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்காவின் நியோஷ் அமைப்பு 1991இல் திருத்திய கணக்கு ஒன்று உண்டு, எல்லாம் சரியாக அமைந்தாலும், அதாவது பாரம் உடம்போடு ஒட்டி, இடுப்பு உயரத்தில், திரும்பாமல் தூக்கினாலும், அது சொல்லும் உச்சம் 23 கிலோ. நம் சந்தையில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

இப்போது எக்ஸோ பக்கம். ஸ்பிரிங் வகைகளில் பலவும் கொடுப்பது 20 முதல் 40 நியூட்டன் மீட்டர் (நெம்புகிற விசையின் அளவு அது) துணை. மேலே சொன்ன 15 கிலோ குலை 40 செ.மீ.யில் மட்டுமே ஏறக்குறைய 59 நியூட்டன் மீட்டர், அதோடு உடம்பின் எடையும் சேரும். ஆக முழுப் பாரத்தையும் அது எடுத்துக்கொள்ளும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். முதுகுத் தசையின் உழைப்பை 10 முதல் 40 சதவீதம் வரை குறைக்கிறது என்பது 2016இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் கண்டது, அதுவும் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தில். இது சின்ன விஷயம் இல்லை, ஒரு மணி நேரத்தில் 94 தடவை குனிகிறவருக்குப் பெரிய விஷயம். ஆனால் 'இனி 50 கிலோவைத் தனியாகத் தூக்கலாம்' என்று கிளம்பினால் ஆஸ்பத்திரியில்தான் போய் நிற்பீர்கள்.

எக்ஸோ இல்லாமலே தீருமா

வீடியோவைப் பார்த்த பிறகு நான் செய்த முதல் வேலை, தரையில் அடுக்கிக்கொண்டிருந்த குலைகளை முட்டிக்கு மேலே வருகிற மாதிரி பலகைத் தட்டில் ஏற்றியது. இரண்டாவது, நாலு சக்கரத் தள்ளுவண்டி ஒன்று. மூன்றாவது, காய் பொறுக்க நீளக் கைப்பிடி வைத்த கொக்கி. மூன்றுக்கும் சேர்த்து ஆன செலவு ஒரு சுமாரான போன் விலைகூட இல்லை. 94 என்பது 50க்குப் பக்கத்தில் இறங்கிவிட்டது. எக்ஸோ விற்பவர்கள் இதை உங்களுக்குச் சொல்லமாட்டார்கள், அதனால் நான் சொல்கிறேன். இதையெல்லாம் செய்த பிறகும் குனிய வேண்டியது மிச்சம் இருந்தால், லாரிக்குள் ஏறி மூலையிலிருந்து இழுக்கிற வேலை மாதிரி, சக்கரம் போகாத இடம் இருந்தால், அங்கேதான் எக்ஸோ.

அளவு எடுப்பது

இங்கேதான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிறார்கள், நானும் விட்டேன். சட்டை மாதிரி எஸ், எம், எல் பார்த்து ஆர்டர் போடக்கூடாது. மூன்று அளவு வேண்டும். ஒன்று, இடுப்புச் சுற்றளவு, பேண்ட் கட்டும் இடத்தில் எடுக்காதீர்கள், இரண்டு பக்கமும் கையை அழுத்தினால் தட்டுப்படும் இடுப்பெலும்பின் விளிம்பில் எடுங்கள், பெல்ட் உட்காரப் போவது அங்கே. இரண்டு, கழுத்தைக் குனிந்தால் பின்பக்கம் புடைத்து நிற்கும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பு வரை முதுகு நீளம். மூன்று, தொடையின் நடுவில் சுற்றளவு. சாப்பிட்ட பிறகு ஒரு தடவை, சாப்பிடாமல் ஒரு தடவை எடுத்துப் பாருங்கள், தொப்பை உள்ளவர்களுக்கு வித்தியாசம் தெரியும்.

அப்புறம் உடை. எந்தக் கம்பெனியின் கையேட்டிலும் இல்லாத பிரச்சினை இது: கைலி. மடித்துக் கட்டிய கைலிக்கு மேலே தொடைப் பட்டையைக் கட்டினால் நாலு அடி நடப்பதற்குள் எல்லாம் சுருண்டு மேலே ஏறும், உள்ளே கட்டினால் எழுந்து நிற்கும்போது கைலி அவிழும். எங்கள் கடையில் இதற்காகவே முட்டி வரை உள்ள கெட்டியான பருத்தி டவுசர் தைத்தோம், தொடையில் தையல் மடிப்பு வராதபடி. சேலையில் வேலை செய்யும் பெண்களுக்குத் தொடைப் பட்டை வைத்த மாடலே சரிவராது, சுடிதார் பேண்ட் மேல் கட்டலாம். பெண்களுக்கு நெஞ்சில் தட்டை வைத்து அழுத்தும் மாடலும் வேண்டாம், தோள்பட்டை வழியாக இழுக்கும் வகையைப் பாருங்கள்.

மோட்டார் வகை என்றால் இன்னும் ஒன்று. கருவியின் மூட்டும் உங்கள் இடுப்பு மூட்டும் ஒரே நேர்க்கோட்டில் இருக்க வேண்டும். கதவின் கீல் ஒரு விரற்கடை தள்ளிப் பொருத்தினால் கதவு இழுக்குமே, அதே கதைதான், ஆனால் இங்கே இழுபடுவது உங்கள் தோல். உடம்பில் மாட்டுகிறவை உட்பட, மனிதருக்குத் துணை செய்யும் ரோபோக்களுக்கான பாதுகாப்புத் தரம் ஐஎஸ்ஓ 13482, அது இருக்கிறதா என்று விற்பவரிடம் கேளுங்கள். பதிலுக்கு அவர் திருதிருவென்று விழித்தால் அதுவே பதில்.

மாட்டும் முறை

எல்லாப் பட்டையையும் முதலில் தளர்த்துங்கள். இடுப்பு பெல்ட்டை முதலில் மாட்டி, இடுப்பெலும்பின் மேல் உட்கார்ந்த பிறகே இறுக்குங்கள். பிறகு தோள், கடைசியில் தொடை. பட்டைக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் தட்டையாக நுழைய வேண்டும், மூன்று நுழைந்தால் தளர்வு, ஒன்றுதான் நுழைகிறது என்றால் அரை மணி நேரத்தில் தொடை மரத்துப்போகும். இழுவையைப் பூட்டும் சுவிட்சை இன்னும் போடாமல் பத்து அடி நடந்து, கையைத் தூக்கி, ஒரு தடவை குனிந்து பாருங்கள், பெல்ட் மேலே ஏறினால் திரும்ப முதலிலிருந்து. எல்லாம் சரியாக உட்கார்ந்ததும் ஒவ்வொரு பட்டையிலும் பெயிண்ட் மார்க்கரால் கோடு போட்டுக்கொள்ளுங்கள், ஆளுக்கு ஒரு நிறம். விடியற்காலை நாலு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் யாரும் இரண்டு விரல் வைத்து அளந்துகொண்டிருக்க மாட்டார்கள், கோட்டைப் பார்த்து இழுப்பார்கள்.

முதல் நாள் 15 நிமிடம், பாரம் இல்லாமல். அதற்கு மேல் வேண்டாம். இரண்டாம் நாள் அரை மணி நேரம், இலேசான காய்க்கூடையோடு. இப்படி இரண்டு வாரத்தில் இரண்டு மணி நேரம் வரை கொண்டுபோகலாம். ஒவ்வொரு நாளும் கழற்றியதும் தொடை, விலா, இடுப்பெலும்பு மூன்றையும் பாருங்கள், சிவந்த தடம் அரை மணி நேரத்தில் மறைந்தால் பரவாயில்லை, மறையவில்லை என்றால் அந்த இடத்தில் பட்டை தவறு. நான் இதையெல்லாம் செய்யவில்லை. ஆன்லைனில் மலிவாகக் கிடைத்த ஒன்றை வாங்கி, முதல் நாளே மூன்று மணி நேரம் மாட்டிக்கொண்டு லோடு இறக்கினேன். முதுகு நிஜமாகவே இலேசாக இருந்தது, அந்த சந்தோஷத்தில் மற்றது எதுவும் தெரியவில்லை. இறக்கி முடித்து எதிரே டீக்கடை பெஞ்சில் உட்காரப் போனேன், சுவிட்சை அணைக்க மறந்துவிட்டேன். உட்காரும்போது இடுப்பு மடங்குகிறது இல்லையா, கருவியைப் பொறுத்தவரை நான் குனிகிறேன், அது தன் கடமையைச் செய்து என்னை எழுப்பிவிட்டது, கையில் இருந்த டீ முழுக்கப் பக்கத்திலிருந்தவரின் செய்தித்தாளில். அன்று ராத்திரி பார்த்தால் இரண்டு தொடையிடுக்கிலும் தோல் உரிந்திருந்தது, நாலு நாள் நடையே அகட்டி அகட்டித்தான். வாங்கிய இடத்தில் திருப்பி எடுக்கவும் இல்லை. எங்கள் கடையின் மூத்த லோடுமேன், அறுபதை நெருங்குகிறவர், அதை ஒரு தடவை மாட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னது: "மக்கா, சாமான் கொள்ளாம். ஆனா நெஞ்சப் போட்டு அமுக்குதே." இரண்டாவது வாங்கியது நெஞ்சுத் தட்டு இல்லாதது. அவர்தான் இப்போது அதை அதிகம் மாட்டுகிறார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பழகிய பிறகு ஆட்கள் அதன்மேல் சாய ஆரம்பிப்பார்கள், முட்டியை மடக்காமல் இடுப்பை மட்டும் மடக்கித் தொங்குவார்கள், சுகமாக இருக்கும், ஆனால் முட்டி பின்னோக்கி வளையும். மாதத்துக்கு ஒரு தடவை திரும்ப வீடியோ எடுத்தால் பிடித்துவிடலாம்.

மாட்டவே கூடாத இடங்கள்

ரப்பர் ஷீட் அடிக்கும் ரோலர் பக்கத்தில் கூடவே கூடாது. தொங்கும் பட்டை நுனி ஒன்று போதும். அரவை மில், பெல்ட் ஓடும் எந்த மெஷினுக்கும் இதே விதி. மரத்திலோ ஏணியிலோ ஏறும்போது கழற்றிவிடுங்கள். வண்டி ஓட்டும்போதும். குளச்சல், தேங்காப்பட்டணம், முட்டம் துறைமுகங்களில் ஐஸ் பெட்டி தூக்குகிற தொழிலாளிகளுக்கு இது உதவும் என்று எனக்கும் தோன்றும், கரையில் மட்டும் என்றால் சரி. வள்ளத்திலோ போட்டிலோ மாட்டிக்கொண்டு ஏற வேண்டாம். தவறித் தண்ணீரில் விழுந்தால் இடுப்பிலும் தொடையிலும் கட்டியதை அவிழ்க்க நேரம் இருக்காது, லைஃப் ஜாக்கெட்டையும் அது ஒழுங்காக உட்கார விடாது. குடலிறக்கம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், வயிற்றிலோ முதுகிலோ ஆபரேஷன் ஆனவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

கழுவுவது, காப்பது

நம் ஊரில் இரண்டு மழைக்காலம், மிச்ச நாளில் வியர்வை, கடலோரத்தில் உப்புக் காற்று. மூன்றும் சேர்ந்து அலுமினியத்தையும் ஸ்குரூவையும் தின்றுவிடும். கடலோரத்தில் பயன்படுத்துகிறவர்கள் தினமும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, ஸ்குரூ தலையில் ஒரு துளி தேங்காய் எண்ணெய் அல்ல, மெஷின் எண்ணெய் விடுங்கள். (தேங்காய் எண்ணெய் விட்டால் சிக்குப் பிடித்து எறும்பும் வரும், விட்டுப் பார்த்தவன் சொல்கிறேன்.) வாழைக்கறை எலாஸ்டிக்கில் பட்டால் போகாது, கறுத்து விறைக்கும், அதனால் மேலே ஒரு பழைய துணி உறை போட்டுவிடுங்கள். ரப்பர் பால் வெல்க்ரோவில் விழுந்து உறைந்தால் அந்த வெல்க்ரோ முடிந்தது. நார் மட்டும்தான் என்றால் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து எடுக்கலாம். எலாஸ்டிக் பட்டையின் நீளத்தைப் புதிதில் அளந்து எழுதி வையுங்கள், தொய்ந்து நீண்டுவிட்டது தெரிந்தால் மாற்ற வேண்டும். துணிப் பகுதி எல்லாருக்கும் ஆளுக்கொன்று இருக்கட்டும், ஒருவர் வியர்வை ஊறியதை அடுத்தவர் மாட்டினால் படர்தாமரை வரும், வரும் என்றால் கண்டிப்பாக வரும்.

பேட்டரி வகைக்கு: அதனுடைய சார்ஜர் மட்டும், ஈரமான கையோடு வேண்டாம், பேட்டரி உப்பியிருந்தால் அன்றே வெளியே வைத்துவிடுங்கள்.

நடப்பதற்கான எக்ஸோ

இது முற்றிலும் வேறு உலகம், ஆன்லைனில் பார்த்து வாங்குகிற சமாச்சாரம் இல்லை. நம் மாவட்டத்தில் தென்னை, பனையிலிருந்து விழுந்து தண்டுவடம் அடிபட்டவர்கள் இல்லாத ஊர் குறைவு, அதனால் போனில் ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு 'இதைப் போட்டா அப்பா நடப்பாரா' என்று கேட்கிற பிள்ளைகளும் அதிகம். எங்கள் வீட்டிலும் கேட்டார்கள்.

ரீவாக் என்ற கருவிக்கு வீட்டில் பயன்படுத்த மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி கொடுக்கும் அமெரிக்காவின் எஃப்டிஏ 2014இல் அனுமதி கொடுத்தது. தண்டுவடத்தில் டி7 முதல் எல்5 வரை (நெஞ்சுப் பக்கத்து ஏழாம் முள்ளெலும்பிலிருந்து கீழ்முதுகின் ஐந்தாம் முள்ளெலும்பு வரை) அடிபட்டவர்களுக்கு, உடன் ஒருவர் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. படிக்கட்டு ஏறலாம் என்ற அனுமதி 2023இல்தான் வந்தது. உயரம் 160 முதல் 190 செ.மீ., எடை 100 கிலோவுக்குள். கைகள் இரண்டும் ஊன்றுகோலைப் பிடித்துத் தாங்க வேண்டும், ஏனென்றால் விழாமல் நிற்பது கருவியின் வேலை இல்லை, உங்கள் தோளின் வேலை. பாரம் எங்கே போகிறது என்று இங்கேயும் கேளுங்கள், தோளுக்கும் உள்ளங்கைக்கும் ஒரு பங்கு போகிறது. விலையைக் கேட்டால் தலை சுற்றும், அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடான மெடிக்கேர் திட்டம் 2024இல் அதற்கு நிர்ணயித்த தொகை 91,000 டாலரை ஒட்டி வரும். சக்கர நாற்காலியை விற்றுவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். நம் வீடுகளில் முற்றம் மண், வாசலில் மூன்று படி, மேற்கே போகப் போக ஏற்ற இறக்கம், அதில் இந்தக் கருவிகள் தடுமாறும்.

ஆனால் பயிற்சிக்கூடத்தில் எக்ஸோவை வைத்து நின்று நடந்து பழகுவது வேறு, அதில் பலன் உண்டு. அதற்குத் தயாராவது எப்படி என்று சொல்கிறேன். முதலில் எலும்பு. அடிபட்ட இடத்துக்குக் கீழே எலும்பு அடர்த்தி வேகமாகக் குறையும், முட்டிக்கு மேலும் கீழும் உள்ள எலும்பு ரொம்பவே. பயிற்சியின்போது எலும்பு முறிந்தவர்கள் உண்டு, உணர்வு இல்லாததால் முறிந்ததே உடனே தெரியாது. எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்துவிட்டுத்தான் மற்றது. இரண்டாவது, மூட்டுகள் மடங்கி இறுகிப் போயிருந்தால் கருவியில் காலே உட்காராது, எனவே இடுப்பு, முட்டி, கணுக்கால் மூன்றையும் தினமும் யாராவது நீட்டி மடக்கிவிட வேண்டும். மூன்றாவது, படுத்தே இருந்தவரை நிமிர்த்தினால் ரத்த அழுத்தம் சரிந்து மயக்கம் வரும், சாய்பலகையில் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்திப் பழக்குவார்கள், அரை மணி நேரம் மயக்கமில்லாமல் நிற்க முடிவது நல்ல அறிகுறி. படுக்கைப் புண் இருந்தால் அது ஆறும்வரை பேச்சே இல்லை.

அடிபட்டது டி6 அல்லது அதற்கு மேலே என்றால் வீட்டில் எல்லாரும் தெரிந்துவைக்க வேண்டிய ஒன்று: பட்டை இறுக்கமோ, மூத்திரப் பை நிறைந்ததோ, குழாய் மடங்கியதோ போதும், ரத்த அழுத்தம் சட்டென்று ஏறிவிடும். தலைவலி மண்டையைப் பிளக்கும், முகம் சிவக்கும், வியர்க்கும். உடனே நிமிர்த்தி உட்கார வையுங்கள், எல்லாப் பட்டையையும் தளர்த்துங்கள், மூத்திரக் குழாயைப் பாருங்கள், குறையவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

எங்கே போவது? நமக்குப் பக்கத்தில் தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது, 1975இல் தண்டுவடம் அடிபட்ட எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் ஆரம்பித்தது, மறுவாழ்வுப் பயிற்சியை ஒழுங்காகக் கற்றுத் தருவார்கள். வேலூர் சிஎம்சியின் பாகாயம் மறுவாழ்வு மையம் 1966இலிருந்து இயங்குகிறது, அதைத் தொடங்கிய டாக்டர் மேரி வர்கீஸே விபத்தில் இடுப்புக்குக் கீழ் உணர்வை இழந்தவர். களியக்காவிளையைத் தாண்டினால் திருவனந்தபுரம், அங்குள்ள ஜென்ரோபோட்டிக்ஸ்தான், பாதாளச் சாக்கடைக் குழியைச் சுத்தம் செய்யும் பேண்டிகூட் ரோபோவைச் செய்தவர்கள், ஜி-கெய்ட்டர் என்ற நடைப்பயிற்சி ரோபோவையும் தயாரிக்கிறார்கள். ஆளைத் தொங்கவிட்டு, கால்களை நடக்கிற மாதிரி அசைக்கும் கருவி, பக்கவாதம் வந்தவர்களுக்கும் பயன்படும். இங்கெல்லாம் போவதற்கு முன்னால் அடையாள அட்டை இல்லாதவர்கள் நாகர்கோவில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்குப் பதிந்துவிடுங்கள், எந்த உதவிக்கும் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

முட்டி தேய்ந்த வயதானவர்களுக்கு ஒரு வார்த்தை. மலையேறுகிறவர்களுக்கென்று இடுப்பில் மாட்டும் மோட்டார் கருவிகள் இப்போது வருகின்றன, ஹைப்பர்ஷெல் மாதிரி. அது தொடையைத் தூக்கிவிடும், முட்டிக்குள் தேய்ந்த எலும்பு உரசுவதை அது ஒன்றும் செய்யாது. அம்மாவுக்கு வாங்குவதற்கு முன் முட்டி டாக்டரைப் பாருங்கள்.

முதல் தடவை பரிசோதனைக்குப் போகும்போது பையில் இவை இருக்கட்டும்: பழைய எம்ஆர்ஐ, எக்ஸ்ரே எல்லாம், சாப்பிடும் மாத்திரைச் சீட்டு, கணுக்காலை மூடும் ஷூ (செருப்பில் வந்தால் திருப்பி அனுப்புவார்கள்), தையல் மடிப்பில்லாத டவுசர், காலுறை, மாற்று மூத்திரப் பை, துண்டு. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போங்கள், மூத்திரப் பையைக் காலி செய்துவிட்டுப் பட்டை கட்டச் சொல்லுங்கள். முடிந்து கழற்றியதும் அங்கேயே பாதம், கணுக்கால், தொடை, உட்காரும் இடம் எல்லாவற்றையும் போனில் படம் எடுங்கள், வீட்டுக்கு வந்து திரும்ப எடுத்து ஒப்பிடுங்கள். மாமாவுக்கு முதல் நாள் இடது குதிகாலில் ஒரு ரூபாய் அளவுக்குச் சிவப்பு இருந்தது, அவருக்குத் தெரியவே இல்லை, படத்தில்தான் பார்த்தோம். காலுறையின் மடிப்பு. அடுத்த தடவை காலுறையைத் திருப்பிப் போட்டு, தையல் வெளியே வருகிற மாதிரி மாட்டிவிட்டோம், தடம் வரவில்லை.